கல்லடிப் பாலத்தின் பழைய நிழற்படம்: ஆண்டையும் இடத்தையும் எப்படி உறுதிசெய்வது?

எழுவான்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மப்பாவின் தகரப் பெட்டியிலிருந்து, கண்ணாடிச் சட்டமிட்ட கறுப்பு வெள்ளை நிழற்படம் ஒன்று கிடைத்துள்ளது. மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள கல்லடி இரும்புப் பாலம், அதன் வாயிலில் ஒரு மாட்டுவண்டி, வண்டியருகே கோட்டு அணிந்த அம்மப்பா, அக்கரையில் அடர்ந்த தென்னந்தோப்பு ஆகியன அதில் தெரிகின்றன. பின்புறம் நீலக் குமிழ்முனைப் பேனாவால் "கல்லடி 1921" என்று எழுதப்பட்டிருக்கிறது. அம்மப்பாவுக்கு முதல் ஆசிரியர் நியமனம் கிடைத்த ஆண்டு அதுவே என்பதால் அம்மாவுக்கு அதில் ஐயமே இல்லை. படத்தாளின் ஓரங்கள் பல் பல்லாக வெட்டப்பட்டுள்ளன. ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதே இடத்தில் நின்று இன்றைய காட்சியை எடுத்து இரண்டையும் அருகருகே வைக்க விரும்பி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நகரப் பக்கக் கரையில் அலைந்தேன். எங்கு நின்றாலும் அக்கரையின் வளைவு படத்தோடு பொருந்தவில்லை. எங்கே தவறுகிறேன் என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையேன்.

படுவான்கரை எழுதியது:

முதலில் அந்த ஆண்டைக் கைவிட்டுவிடுங்கள். கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது 1924 இல். 1918 முதல் 1925 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால்தான் அது 'லேடி மானிங் பாலம்' எனப்பட்டது. ஆகவே மாட்டுவண்டி நிற்கும் அளவுக்கு முழுமை பெற்ற பாலம் 1921 இல் இருந்திருக்க முடியாது. மேலும், குமிழ்முனைப் பேனா பரவலாக விற்பனைக்கு வந்தது 1945 இற்குப் பின்னரே. அந்தக் குறிப்பு படம் எடுத்தபோது எழுதப்பட்டதல்ல. யாரோ பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதியது. எங்கள் வீட்டு அல்பத்திலும் இப்படி நான்கு படங்கள் உண்டு, எல்லாவற்றிலும் ஒரே கை, ஒரே மை.

ஓரங்களைப் பல்லாக வெட்டும் வழக்கம் பெரும்பாலும் 1930களிலிருந்து 1950கள் வரை பெருகியிருந்தது. தென்னந்தோப்பும் ஒரு சான்றுதான்: 1978 நவம்பர் 23 ஆம் திகதிய சூறாவளி இக்கரையோரத் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டதால், அத்தனை அடர்த்தியான தோப்பு அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 1930களையும் 40களையுமே நான் சொல்வேன். அம்மா கேட்ட முதல் நியமனக் கதை ஒருவேளை பாலத்துக்கு முந்திய தோணிப் பயணத்தைப் பற்றியதாக இருக்கலாம். கதை உண்மையாகவும் படம் வேறொரு நாளுக்குரியதாகவும் இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

வாவிமகள் எழுதியது:

ஒட்டிக்கொண்ட மூலையைத் தயவுசெய்து பிரிக்க முயல வேண்டாம். என் அப்பப்பாவின் படத்தை ஈரத்துணியால் மெல்ல நனைத்து எடுக்கலாம் என்று ஒரு படப்பிடிப்பு நிலையத்தார் சொன்னதை நம்பினேன்; தாள் கையோடு வந்தது, முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. படிமத்தைத் தாங்குவது ஜெலட்டின் படலம். நம்மூர் ஈரக்காற்றில் அது இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, உலர்ந்ததும் பசையாகவே ஆகிவிடுகிறது. கண்ணாடியோடு சேர்த்தே, அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். கமராவால் எடுப்பதானால் எதிரே கறுப்புத் துணியைப் பிடித்து, ஒளியைப் பக்கவாட்டிலிருந்து விடுங்கள், பிரதிபலிப்பு விழாது.

அக்கரை பொருந்தாததற்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். இரும்புப் பாலமோ இரு புறமும் ஒரே வார்ப்பு, அதைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஆண்களின் கோட்டில் மார்புப்பை இடப்புறத்தில்தான் இருக்கும், பொத்தானிடும்போது கோட்டின் இடப்பாகம் வலப்பாகத்தின் மேல் வரும். அம்மப்பாவின் கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

திருக்கோவிலான் எழுதியது:

ஒப்பிடுவதற்கு வேறு படங்கள் தேடுவோருக்காக ஒரு குறிப்பு. அம்பாறை தனி மாவட்டமாகியது 1961 இல்தான். அதற்கு முன் எடுத்த காரைதீவு, கல்முனை, திருக்கோவில் படங்களெல்லாம் காப்பகப் பட்டியல்களில் மட்டக்களப்பு என்றோ வெறுமனே கிழக்கு மாகாணம் என்றோ பதிவாகியிருக்கும். நான் 'அம்பாறை' என்று தேடித் தேடி ஓராண்டை வீணாக்கியவன். நூலக நிறுவனத்தின் ஆவணகம் இணையத்தளம், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அரச பொதுநலவாயச் சங்கத் தொகுப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

பெருந்தொகையை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே போன்ற அக்காலப் படப்பிடிப்பு நிறுவனங்களுக்குக் கொழும்பும் கண்டியும் பழைய தலைநகரங்களும்தான் விற்பனைக் காட்சிகள். மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928 இல்தான். ஆகவே நம் பகுதியைப் பொறுத்தவரை தகரப் பெட்டிகளே பெரிய காப்பகம் என்பது என் எண்ணம். புகழ்பெற்ற கோட்டையைவிட, மண்முனையில் 2014 இல் பாலம் வரும் வரை ஓடிய படகுப்பாதையின் (ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்த மிதவையின்) படமொன்று யாரிடமேனும் இருந்தால் அதையே நான் முதலில் ஸ்கேன் செய்வேன். அன்றாடம் ஏறி இறங்கிய பாதை என்பதால் அதை நின்று படமெடுக்க எவருக்கும் தோன்றவில்லை.

எழுவான்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். மார்புப்பை வலப்புறத்தில் இருக்கிறது, பொத்தானும் மாறித்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்த படத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்பி அம்மாவிடம் காட்டியபோது, அவர் கோட்டைப் பார்க்கவேயில்லை. "ஐயாவுக்கு வகிடு இந்தப் பக்கம்தான், அந்தப் படத்தில் எப்போதும் ஏதோ வித்தியாசமாக இருக்கும்" என்றார். நேற்று மாலை பாலத்தின் மறுபுறம் இறங்கி நின்றேன். 2013 இல் திறந்த புதிய பாலம் காட்சியின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலும், அக்கரையின் வளைவு சரியாகப் பொருந்துகிறது.

ஆண்டைப் பற்றியும் 1924 கணக்கைச் சொல்லி விளக்கினேன். வகிடு விடயத்தில் ஒத்துக்கொண்டவர், 1921 ஐ மட்டும் விடுவதாக இல்லை.