பியரிங்: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

ச. எழுதியது, செவ்வாய் காலை:

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கணினி வலையமைப்புப் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்: பியரிங்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையம் என்பது 70,000-க்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் உருவாவது. ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குப் பணம் கொடுத்து மற்ற எல்லா வலைகளுக்கும் வழி வாங்கினால் அது டிரான்சிட். "உன் வாடிக்கையாளர்களிடம் நான் நேரே வருகிறேன், என் வாடிக்கையாளர்களிடம் நீ நேரே வா" என்று இரண்டு நிறுவனங்கள் பேசிக்கொண்டு, பெரும்பாலும் பணமில்லாமல் இணைந்தால் அது பியரிங்.

'சமநிலை இணைப்பு' என்று முதலில் எழுதினேன். வகுப்பில் சொன்னதும் "தராசு மாதிரியா மேடம்?" என்று ஒரு மாணவர் கேட்டார். அழித்துவிட்டேன். பெயர், வினை, எதிர்ச்சொல் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தால் நல்லது. டிபியரிங், அதாவது அந்த இணைப்பைத் துண்டிப்பது, என்பதும் பாடத்தில் வருகிறது.

மு. எழுதியது, செவ்வாய் மதியம்:

அன்புள்ள ச. அம்மாவுக்கு,

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'சமம்' என்ற பொருளுடையது. சமத்தைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? நன்னூலார் உவம உருபுகளை அடுக்குகிறார்: "போலப் புரைய ஒப்ப உறழ / மானக் கடுப்ப இயைய ஏய்ப்ப / நேர நிகர அன்ன இன்ன". இதில் 'இயைய' என்பதைப் பாருங்கள். இயைதல் என்றால் ஒத்தல், பொருந்துதல், இணங்குதல். மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. யாப்பில் 'இயைபுத் தொடை' இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும்.

ஆகவே இயைவு. வினை: இயைதல். எதிர்: இயையாமை. வேறு தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

த. எழுதியது, செவ்வாய் இரவு (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம் மு. ஐயா. சொல் அழகு. ஆனால் அதே வேரில் வரும் ஒரு சொல்லை வேறொரு பாடத்தில் எங்கள் பக்கம் வேறு பொருளில் பார்த்த நினைவு இருக்கிறது. அதோடு, 'இயைபு' என்றால் கவிதைதான் முதலில் மனதில் வரும். கேபிள் வராது.

எங்கள் ஊரில் ஒன்றாகப் படித்தவரைச் 'சகபாடி' என்போம். அந்த 'சக' இங்கே உதவாதா? சகவிணைப்பு? வடசொல் என்று மு. ஐயா கோபிப்பார் என்று தெரியும். இருந்தாலும் பொதுசனத்துக்கு உடனே விளங்கும். 2006-இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையில் கடலடிக் கேபிள் போட்டபோது இங்கே பத்திரிகைகள் எழுதிய தமிழையும், அங்கே எழுதிய தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான். ஒரே கேபிளுக்கு இரண்டு கரையிலும் இரண்டு பெயர். இந்தச் சொல்லாவது இரு கரைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

வி. எழுதியது, புதன் காலை:

நான் சென்னையில் இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் ரூட்டர்களோடு மல்லுக்கட்டுபவன். இலக்கணம் பேசத் தகுதியில்லை. ஆனால் 'சமம்' என்ற வேரைப் பிடித்துக்கொண்டு போவது தவறான வழி என்று நினைக்கிறேன்.

2005 அக்டோபர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் லெவல் 3 என்ற வலையமைப்பு நிறுவனம், கோஜென்ட் என்ற இன்னொரு வலையமைப்பு நிறுவனத்தோடு இருந்த பியரிங்கைத் துண்டித்தது. இரண்டில் ஒன்றை மட்டுமே நம்பியிருந்த வாடிக்கையாளர்களுக்கு மறுபக்கத்து இணையம் காணாமலே போனது. சில நாள் கழித்து மீண்டும் இணைத்தார்கள். சண்டை எதற்கு? போகும் போக்குவரத்தும் வரும் போக்குவரத்தும் சமமாக இல்லையாம். சமம் என்றால் எதில் சமம்? அளவிலா, தூரத்திலா, வாடிக்கையாளர் எண்ணிக்கையிலா? இதற்கு இன்றுவரை ஒரு முடிவு கிடையாது. 2014-இல் நெட்ஃபிளிக்ஸ், காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து நேரடியாக இணைந்தது. 'பணம் கொடுத்த பியரிங்' என்றே அதற்கொரு பெயர் இருக்கிறது. அங்கே சமம் எங்கே வந்தது?

நிஜத்தில் பியரிங் என்பது இசைவு. பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற இணைய உள்கட்டமைப்பு அமைப்பு 2011-இல் 1,42,210 பியரிங் ஏற்பாடுகளைத் திரட்டிப் பார்த்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தவை வெறும் 698. மீதி 99.51 சதவீதம் வாய்ப்பேச்சும் கைகுலுக்கலும்தான்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தின் வங்கியும் மருத்துவமனையும் ஓடுவது வாய்ச்சொல்லை நம்பி.

இசைவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். பழைய வேலையில் ஒரு நாள், அண்ணாநகரிலிருந்து தரமணிக்குப் போக வேண்டிய தரவு சிங்கப்பூர் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நிறுவனங்களும் சென்னையில் இணைய மறுத்ததுதான் காரணம். போக 3,200 கிலோமீட்டர், வர 3,200. ஒளியே ஆனாலும் கண்ணாடி இழைக்குள் அதற்கு 32 மில்லிநொடி வேண்டும். மறுமுனையில் தொலைமருத்துவ ஆலோசனை ஒன்று நடந்துகொண்டிருந்தது. படம் உறைந்து உறைந்து நின்றது. இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 2003-இல் நிக்சி என்ற இணைப்பு மையத்தையே, அதாவது பல நிறுவனங்கள் ஒரே இடத்தில் தரவு மாற்றிக்கொள்ளும் இடத்தை, நாட்டில் தொடங்கினார்கள்.

எனவே இசைவைச் சொல்லும் வேர் வேண்டும்.

க. எழுதியது, புதன் மாலை:

வி. தம்பி சொல்வது சரி. மு. ஐயா காட்டிய அதே நன்னூல் சூத்திரத்தில் இன்னொரு சொல் இருக்கிறது: 'நேர'. நேர் என்றால் சமம். நேர் என்றால் வளையாத வழி, இடையில் யாருமில்லை. அப்புறம் நேர்தல் என்றால் உடன்படுதல், வாக்குக் கொடுத்தல். நேர்த்திக்கடன் அதிலிருந்துதான் வருகிறது. எழுத்து இல்லை, பத்திரம் இல்லை, சொன்ன சொல்தான். வி. சொன்ன 99.51 சதவீதமும் இதற்குள் அடங்கும்.

நேரிணைப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

மு. எழுதியது, வியாழன் அதிகாலை:

இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். க. என் கையில் இருந்ததை எடுத்து எனக்கே காட்டிவிட்டார். 'நேர்' என்ற வேரை ஏற்கிறேன். 'இணைப்பு' என்ற ஒட்டுதான் எனக்கு உவப்பில்லை. இணையம், இணைப்பு, இணைப்பகம், இணையர் என்று எத்தனை இணை! 'இணை' என்றாலே இரண்டு ஒத்தவை என்றுதானே பொருள்? நேரும் அதுவே, இணையும் அதுவே. ஒன்றையே இரண்டு முறை சொல்வானேன்?

குறுந்தொகையின் துறைக் குறிப்புகளைப் பாருங்கள். தலைவன் வாயில் வேண்டி நிற்பான். தோழி உள்ளே விட இசைந்தால் 'வாயில் நேர்ந்தது'; விடாவிட்டால் 'வாயில் மறுத்தது'. பெயரும் எதிர்ச்சொல்லும் பழந்தமிழில் தயாராகக் கிடக்கின்றன! ஆங்கிலத்தில் துறைமுகமும், கணினியில் கேபிள் செருகும் இடமும் 'போர்ட்' தான்; வாயில் என்பதற்கும் அந்த இரண்டையும் சேர்த்துப் பொருள் சொல்ல முடியும். பியரிங் – வாயில் நேர்தல். டிபியரிங் – வாயில் மறுத்தல்.

இணைப்பு மையத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு உயிர்கள் அருகருகே வந்தால் நேரே சேராது. நடுவில் யகரமோ வகரமோ வந்து நிற்கும். அது உடம்படுமெய். உடம்படுதல் என்றாலும் இசைதல்தான். இணைப்பு மையத்துக்கு 'உடம்படுகளம்' என்று வைத்தால் என்ன?

ச. எழுதியது, வியாழன் மதியம்:

மு. ஐயா, வாயில் மறுத்தலைப் படித்து மெய்சிலிர்த்தது. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தலைவன் ஏன் வாசலில் நிற்கிறான் என்று விளக்கிவிட்டு ரவுட்டருக்கு வர ஒரு பாடவேளை போய்விடும்.

இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். இயைவு என்றதும் அமைதி. சகவிணைப்பு என்றதும் பாதிப் பேர் 'சமூக வலைதளம்' என்றார்கள். நேரிணைப்புக்கு மட்டும் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு நேரா இழுத்துக்கிறது" என்றான். அந்த வரியைப் பாடத்தில் அப்படியே சேர்த்துவிட்டேன்.

நேரிணைப்பு. வினை: நேரிணைதல். டிபியரிங்குக்கு மு. ஐயாவிடமிருந்து பாதி கடன் வாங்குகிறேன்: இணைப்பு மறுத்தல். சொல்லடைவில் 'பியரிங்' என்பதையும் தருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வி. எழுதியது, வியாழன் இரவு:

மன்னிக்கவும், அச்சுக்குப் போகும் முன் ஒரு தடை.

பெரிய இணைப்பு மையங்களில் ரூட் சர்வர் என்று, வழிகளை எல்லோருக்கும் பகிரும் கணினி ஒன்று இருக்கும். அதோடு ஒரே ஒரு முறை இணைந்தால் போதும், அதில் இருக்கும் மற்ற எல்லோருடைய வழிகளும் கிடைத்துவிடும். அதுவும் பியரிங்தான். ஆனால் அங்கே இருவர் தனியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. 'நேர்' என்று எழுதினால் நாளை வேலைக்கு வரும் பிள்ளை தவறாகப் புரிந்துகொள்வான்.

இன்னொன்றும் இருக்கிறது. தென் கொரியாவில் 2016-இல் தரவு அனுப்புபவரே பணம் கொடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கிடையே விதி கொண்டுவந்தார்கள். வலையமைப்புக் கட்டணம் தாங்கவில்லை என்று சொல்லி நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டைவிட்டே போனது. இங்கேயும் தொலைபேசி நிறுவனங்கள் அதே கோரிக்கையை வைத்திருக்கின்றன. நாளை இது தமிழில் விவாதமாகும்போது, நம் சொல் 'இலவசம்' என்றோ 'சமம்' என்றோ ஒரு பக்கம் சாயக் கூடாது. அந்த வகையில் 'நேர்' பரவாயில்லை. ஆனால் 'நேரடி' என்று எல்லோரும் படித்துவிடுவார்களே, அதுதான் என் கவலை.

க. எழுதியது, வியாழன் இரவு:

ரூட் சர்வருக்குத் தனியாகப் 'பொது நேரிணைப்பு' என்று போடலாம். இருவர் மட்டும் என்றால் 'தனி நேரிணைப்பு'. நடுவில் ஆள் இருந்தாலும் இசைவு இசைவுதானே?

மு. எழுதியது, வெள்ளி அதிகாலை:

அச்சிடுங்கள். தடை சொல்லவில்லை. 'இணைப்பு மறுத்தல்' என்பதில் மறுத்தல் வந்ததே எனக்குப் போதும். ஆனால் வாயில் நேர்தல் என்பதை இந்தக் குழுவின் சொல்லடைவில் என் பெயரில் தனியே பதிந்து வையுங்கள். அடுத்த பதிப்பில் கேட்பேன்.

ச. எழுதியது, வெள்ளி காலை:

அனுப்பிவிட்டேன். க. சொன்ன பொது, தனி இரண்டையும் கடைசி நிமிடத்தில் சேர்த்தேன். 'இடையில் ரூட் சர்வர் இருந்தாலும் இதுவே பெயர்' என்று வி. தம்பிக்காக ஓர் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறேன். த., இலங்கைப் பாடநூலில் இதற்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா?

த. எழுதியது, வெள்ளி மாலை:

பார்த்தேன் அக்கா. அங்கே இந்தப் பாடமே இல்லை. எழுத வேண்டும்.