அம்மாவின் முகச் சிவப்புக்கு லேசர் செய்யலாமா?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ரொசேஷியா (முகம் சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய்) என்று இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொல்லி, மண்டலே ரோட்டில் இருக்கும் நேஷனல் ஸ்கின் சென்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மாநிறம், அதனால் சிவப்பு பளிச்சென்று தெரியாது. கன்னம் கருஞ்சிவப்பாகக் கன்றிப்போய், தொட்டால் சுடும். மூக்கின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிகின்றன. முதலில் பார்த்த வேறொரு கிளினிக்கில் பரு என்று நினைத்து ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். போடும்வரை அடங்கியிருந்தது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. யாராவது முகத்துக்கு அப்படி ஏதாவது பூசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து தோல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது மெட்ரோனிடசோல் ஜெல் போடுகிறார். சின்னச் சின்னக் கொப்புளங்கள் குறைந்திருக்கின்றன. நாளங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவை களிம்புக்கு மறையாது, லேசர்தான் வழி என்கிறார்கள். நம் நிறத்துக்கு லேசர் பட்ட இடம் கறுத்துவிடுமோ என்பதுதான் எங்கள் பயம். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரில் அந்த ஆபத்து குறைவு என்று படித்தேன். இங்கே நம்மவர்கள் யாராவது செய்துகொண்டீர்களா? எத்தனை தடவை போக வேண்டியிருந்தது, எவ்வளவு செலவானது, கருமை விழுந்ததா?

அப்புறம், சிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனில் மாநிறத்துக்கு வெள்ளை பூசியதுபோல் தெரியாதது எது? அடுப்பு அனல் பட்டாலே அம்மாவுக்கு முகம் எரிகிறது. சமையலை விடவும் மாட்டார். இதே தொல்லை உள்ளவர்கள் அடுப்படியில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.