விரிவுரை மண்டபத்துக்குக் கிளிக்கர் கருவிகள் வாங்கலாமா?

கேள்வி: பௌதிக விரிவுரையாளர், வவுனியா

அனைவருக்கும் வணக்கம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கின்றேன். ஒவ்வொரு மாணவரிடமும் சிறிய பொத்தான் கருவியொன்றைக் கொடுத்து, திரையில் காட்டும் பல்தேர்வு வினாவுக்கு அவர்கள் அழுத்தும் விடைகளை உடனுக்குடன் வரைபடமாகக் காட்டும் கிளிக்கர் முறையை எமது துறைக்கு வாங்குவது பற்றிப் பேச்சு எழுந்துள்ளது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் வன்னியின் மண்டபங்களில் ஒன்றாக அமர்ந்து ஆங்கிலத்தில் படிக்கின்றனர். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் தலையசைக்கின்றனர். விளங்காதது பரீட்சை விடைத்தாளில்தான் தெரிகிறது.

கருவியை வருகைப்பதிவுக்கும் புள்ளியிடவும் பயன்படுத்தலாம் என்கின்றனர் சக விரிவுரையாளர் சிலர். அது வீண்செலவு, பாடத்திட்டத்தை முடிக்கவும் நேரம் போதாது என்கின்றனர் வேறு சிலர். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகின்றேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற விரிவுரையாளர், கிளிநொச்சி

கருவியைப் பற்றி முடிவெடுக்கும் முன், அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சகபாடிக் கற்பித்தல் முறையில், கருத்தைச் சோதிக்கும் வினாவொன்றுக்கு மாணவர் முதலில் தனித்தனியே விடையளிப்பர். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விரிவுரையாளர் விடையைச் சொல்லாமல் பக்கத்திலிருப்பவருடன் வாதிடச் செய்து, மீண்டும் வாக்கெடுப்பார். பயன் முழுவதும் அந்த வாதத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் மாணவரிடையே நடத்தப்பட்டு 2009இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியான ஆய்வொன்று, கலந்துரையாடிய குழுவில் எவருக்கும் முதலில் சரியான விடை தெரியாத நிலையிலும், பின்னர் அதே கருத்திலமைந்த புதிய வினாவைத் தனியாகச் சரியாகச் செய்யும் திறன் கூடியதைக் காட்டியது.

எனவே வினாதான் முக்கியம். உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் நேருக்கு நேர் மோதினால் எது மற்றதன் மீது கூடிய விசையைப் பிரயோகிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றின் மீது மற்றது சமமான விசையையே பிரயோகிக்கும் என்பதே சரி; ஆனால் அதைச் சொல்லும் நியூற்றனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவர் பலர் உழவு இயந்திரத்தையே தெரிவு செய்வர். இத்தகைய வினாவொன்றை ஆக்குவதற்கு விரிவுரைக் குறிப்பு எழுதுவதிலும் கூடிய நேரம் பிடிக்கும். கொள்வனவுக் கோப்பில் அந்த நேரத்துக்கு எவரும் இடம் ஒதுக்குவதில்லை.

புள்ளியிடுவதை நான் முற்றாக எதிர்க்கின்றேன். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 2014இல் மண்டபத்துக்கே வராத மாணவரின் கிளிக்கரை நண்பர்கள் அழுத்திக் கொடுத்ததாக 64 மாணவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பாடத்தில் ஒழுக்கவியலும் அடங்கியிருந்தது.

பதில் 2: மூன்றாம் ஆண்டு மாணவி, முல்லைத்தீவு

வணக்கம் சேர். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வருகின்ற எங்களுக்கு, விடை தெரிந்தாலும் அத்தனை பேர் முன்னால் ஆங்கிலத்தில் எழுந்து சொல்வதற்குத் துணிவு வருவதில்லை. பிழையாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் பாடத்தைப் பற்றிய சந்தேகத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. பெயர் தெரியாமல் விடையளிக்கக் கிடைத்தால், என்னைப் போலவே பாதிப்பேர் பிழையாக நினைத்திருக்கிறார்கள் என்பதைத் திரையில் காணும்போதே பயம் குறையும். ஆனால் கைத்தொலைபேசிச் செயலியாக அதைக் கொண்டுவரவேண்டாம் என்று தயவாகக் கேட்கின்றேன். டேட்டா அட்டைக்குப் பணமில்லாதவரும், திரை உடைந்த பழைய தொலைபேசி வைத்திருப்பவரும் எங்கள் வகுப்பில் இருக்கின்றனர். அவர்கள் அதை வெளியே சொல்லமாட்டார்கள்.

பதில் 3: கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர்

பணம் ஒரு தடையன்று. கனடாவின் கல்லூரியொன்றில் கிளிக்கரையும் விடை எழுத்துள்ள சாதாரண அட்டைகளையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், மாணவரின் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிளிக்கர்ஸ் என்னும் முறையும் உண்டு. மாணவர் திருப்பிப் பிடிக்கும் கடதாசி அட்டையின் குறியீட்டை விரிவுரையாளரின் ஒரே கைத்தொலைபேசிக் கமரா வாசித்துவிடும். எந்தப் பக்கம் எந்த விடைக்குரியது என்பது அயலில் இருப்பவருக்கு எளிதில் புலப்படாது. மாணவி கூறும் கூச்சத்துக்கும் செலவுக்கும் அது பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இவ்வரையாண்டில் கடதாசி அட்டைகளுடன், புள்ளியின்றித் தொடங்குகின்றேன். வினாவை ஆங்கிலத்தில் இட்டாலும், பக்கத்திலிருப்பவருடன் வாதிடும் நேரத்தில் தமிழோ சிங்களமோ பேசுவதற்குத் தடையில்லை என முதல் நாளே அறிவிப்பேன். விசையும் உந்தமும் பற்றி முன்பே ஆக்கிய வினாக்கள் எவரிடமேனும் இருந்தால் இங்கே பகிருமாறு வேண்டுகின்றேன்.