சீமை ஓட்டு வீடு: அட்டாலி மேல ஒயர் இழுக்கறதுக்கு யோசனை சொல்லுங்க

தோட்டத்துச்சாளை:
கோபி பக்கம் தோட்டத்துச் சாளைங்க. சீமை ஓடு. ஆசாரத்துக்கும் (கூடம்) ரெண்டு அறைக்கும் மேல பலகை அட்டாலி (பரண்). மோட்டுக்கு (கூரை உச்சிக்கு) நேரா 5 அடி உசரம், ஓரத்துல 1 அடிதான். மேல கட்டையில க்ளிப் அடிச்ச பழைய ரப்பர் ஒயர் ஓடுது, தொட்டா உதிருது. மொத்தமா மாத்தணும்: 8 லைட், 4 ஃபேன், 5 பிளக், ஒரு அறைக்கு 1.5 டன் ஏசி. எல்லாத்தையும் ஃப்ளெக்சிபிள் பைப்புல விட்டு, மேலயே 6 இடத்துல ஜாயின்ட் போட்டுக்கலாம்ங்கறார் ஒயர்மேன். சரியா வருமுங்களா? எலித் தொல்லையும் உண்டு.

ரெண்டரை ஸ்கொயர்:
முதல்ல சூட்டைக் கணக்குல எடுங்க. ஒயர் கம்பெனி அட்டவணையில இருக்கற ஆம்பியர் ஓட்டுக்கு அடியில செல்லாது. சாதா பிவிசி ஒயரோட செம்பு 70 டிகிரி வரைக்கும்தான் போகலாம். சுத்தி 30 டிகிரி இருந்தா, பைப்புக்குள்ள 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் 24 ஆம்பியர் தாங்கும். 50 டிகிரியில அதை 0.71ஆல பெருக்கணும், 60ல 0.5. சித்திரை மத்தியானம் ஓட்டை ஒட்டி ஓடற ஒயருக்கு 60னே வெச்சுக்கறது நல்லது. அப்ப 24ங்கறது 12 ஆயிடும்.

அதனால பிளக்குக்கு 2.5 ஸ்கொயர், 10 ஆம்பியர் எம்சிபி (கரண்டு அளவு மீறினா தானா விழற சுவிட்ச்). லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர், 6 ஆம்பியர். ஒரே பைப்புல ரெண்டு சர்க்யூட் போனா இன்னும் 0.8ஆல பெருக்கணும்; 12ங்கறது 9.6 ஆகி 10 ஆம்பியர் எம்சிபிக்குப் பத்தாம போயிரும். சர்க்யூட்டுக்கு ஒரு பைப்னு பிரிச்சிருங்க.

ஏசி லைனை அட்டாலிக்கு ஏத்தவே வேண்டாம். 4 ஸ்கொயர், 16 ஆம்பியர் சி டைப் (ஏசி கிளம்பறப்ப இழுக்கற கரண்டுக்கு விழாத வகை) எம்சிபி போட்டு, சுவத்தோட கீழயே கொண்டு போங்க. அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு எம்சிபியை 32க்கு மாத்தற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய. எம்சிபி காப்பாத்தறது ஒயரை. அதைப் பெருசாக்கினா மொதல்ல வேகறது ஒயர்தான்.

விட்டம்:
அந்த 6 ஜாயின்ட்தான் எனக்கு உறுத்துது. கருப்பு டேப்பு சுத்தின முறுக்கு ஜாயின்ட் ஓட்டுச் சூட்டுக்கு ரெண்டு கோடை தாண்டாது. பசை இளகி வழிஞ்சு, டேப்பு சுருண்டு, உள்ள செம்பு கருத்துப் போயிருக்கும். மேல முழு ஒயர் மட்டும் ஓடட்டும். ஜாயின்ட் எல்லாம் சுவிட்ச்போர்டு பெட்டிக்குள்ள. ஒவ்வொரு லைட்டுக்கும் போர்டுல இருந்தே தனியா பேஸ், நியூட்ரல், எர்த். 90 மீட்டர் ரோல் ஒண்ணு ரெண்டு கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும். ஜாயின்ட்டைத் தவிர்க்கவே முடியாத ஒரு எடம் இருந்தா மட்டும் திருகு கனெக்டர் வெச்ச மூடி போட்ட பெட்டி, அதுவும் ஏணி வெச்சா கை எட்டற எடத்துல.

ஃப்ளெக்சிபிள் பைப் வேண்டாம். எலிக்குப் பல் பிடிக்க விளிம்பு வேணும். நெளிவு நெளிவா இருக்கற பைப் முழுக்க விளிம்புதான். 25 எம்எம் ஹெவி பிவிசி பைப், 2 அடிக்கு ஒரு சேடில் (பைப்பைப் பிடிக்கற பட்டை), வளைவுல எல்போ வேண்டாம், லாங் பெண்ட். எலி பைப் வாயில ஆரம்பிக்கும். ஒவ்வொரு வாயும் பெட்டிக்குள்ள அடாப்டரோட முடியணும், அந்தரத்துல தொங்கக் கூடாது. பைப்பை விட்டத்தோட பக்கவாட்டுல, ஓட்டுல இருந்து அரை அடியாவது தள்ளி ஓட்டுங்க. பலகை மேல படுக்கப் போட்டா வெங்காய மூட்டை ஏறி உக்காரும்.

பழைய மெயின்:
ஜிஐ பைப் (இரும்பு பைப்) போட்டா எலிப் பயமே இல்லையே?

விட்டம்:
இல்லைதான். ஆனா பைப் முழுக்க விட்டுப்போகாம எர்த் ஆகணும். வெட்டின முனையைத் தேய்ச்சு புஷ் (வாய்க்கு மாட்டற வழவழப்பான வளையம்) மாட்டலைன்னா ஒயரோட தோலை அதுவே கிழிக்கும். ஹெவி பிவிசியை ஒழுங்காப் போட்டாலே போதும். ஓடு ஒழுகற எடத்தை மொதல்ல மாத்துங்க. இல்லாட்டி பைப்புக்குள்ள எறங்கற தண்ணி நேரா சுவிட்ச்போர்டுலதான் வந்து நிக்கும்.

மெகர்:
இன்வெர்ட்டர் இருக்குதுங்களா? இருந்தா மெயினை எறக்கினாலும் லைட் லைன்ல கரண்டு இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைச்சு, அவுட்புட் ஒயரைக் கழட்டிட்டுத்தான் மேல ஏறணும். வேலையைக் காலைல 9 மணிக்குள்ள முடிங்க. காலை விட்டத்து மேல வைங்க, பழைய பலகையை நம்பாதீங்க.

தோட்டத்துச்சாளை:
இன்வெர்ட்டர் இருக்குதுங்க. ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா அணைக்கற சுவிட்ச்) போட்டா அடிக்கடி விழும்ங்கறாங்களே? மோட்டார் சர்வீஸ்ல இருந்து ஒரு லைட்டுக்கு இழுத்துக்கலாமான்னும் ஒருத்தர் சொன்னார்.

மெகர்:
மோட்டார் சர்வீஸ் பக்கமே போகாதீங்க. அது விவசாயத்துக்குக் குடுத்த இலவச இணைப்பு, வீட்டுக்கு எடுத்தா முறைகேடு.

ஆர்சிசிபி சும்மா விழாது. பெரும்பாலும் நியூட்ரல் கலப்புதான். இன்வெர்ட்டர் லைட்டோட நியூட்ரலும் அதே ஆர்சிசிபிக்குப் பின்னால இருக்கற நியூட்ரல் கட்டைக்கே திரும்பணும். முன்னால இருக்கறதுல சேர்த்தீங்கன்னா லைட்டைப் போட்டதும் விழும். 30 மில்லி ஆம்பியர் போடுங்க, மாசம் ஒருக்கா டெஸ்ட் பட்டனை அமுக்குங்க.

பழைய ரப்பர் ஒயரை ஒரு முனைகூட விடாம உருவி எடுத்துருங்க. புது ஒயரை 500 வோல்ட் மெகரால (ஒயர் தோல்ல கசிவு இருக்கான்னு அளக்கற மீட்டர்) பாக்கச் சொல்லுங்க, 1 மெகா ஓமுக்குக் கீழ வரவே கூடாது. பாக்கறதுக்கு முன்னாடி எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் கழட்டியிருக்கணும், இல்லாட்டி அந்த 500 வோல்ட்ல அதுக போயிரும். நம்ம பாறை மண்ணுல எர்த் குழி காஞ்சா வேலை செய்யாது, கோடையில தண்ணி ஊத்துங்க.