அப்பாவின் ஜிம் ரீவ்ஸ் ரெக்கார்டு: எந்த மறுவெளியீட்டை வாங்கலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகன்

எங்கள் அப்பா கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனால் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட ஆரம்பித்தால் பிசைந்த சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். பெங்களூர் சிக்பேட்டையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்த ஒரே ஒரு எல்.பி. ரெக்கார்டு. அதில் 'ஹீல் ஹேவ் டு கோ' பாட்டு இருக்கும் இடம் மட்டும் தேய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. சிமென்ட் அட்டைக் கூரைக்கு அடியில், பரணில் ரெக்கார்டை வைத்தது என் தவறு. போன கோடையில் அது வளைந்துவிட்டது. 'ஒலி மேம்படுத்தப்பட்ட பதிப்பு' என்று அட்டையில் அச்சடித்த ஒரு சிடியை வாங்கிப் போட்டேன். குரல் ஏதோ கல்யாண மண்டபத்தில் பாடுவது போல எதிரொலிக்கிறது; 'எஸ்' வரும் இடமெல்லாம் காதைக் கீறுகிறது. சமையலறையில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, இது வேறு யாரோ பாடுவதா என்று கேட்டார்.

ஐயாயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். சூப்பர் ஆடியோ சிடியா, புது எல்.பி.யா, கணினியில் கேட்கும் உயர்தரக் கோப்பா? எதை வாங்கினால் அப்பா கேட்ட குரல் கிடைக்கும்?

பதில்: ஓசூர், சிப்காட் பக்கம்

சூப்பர் ஆடியோ சிடி என்பது சாதாரண சிடியைவிட உயர்தர ஒலி கொண்ட வட்டு, 1999-இல் வந்தது. அதன் உயர்தரப் பகுதியைப் படிக்கத் தனி பிளேயர் வேண்டும். இரண்டு தரமும் ஒன்றாக இருக்கும் ஹைபிரிட் வகை வட்டாக இருந்தால் உங்களிடம் இருக்கும் சாதாரண பிளேயரிலும் ஓடும், ஆனால் சாதாரண சிடியின் தரத்தில்தான் கேட்கும். சாதாரண சிடியின் ஒலித் தரமே (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) ஒரு மனிதக் குரலுக்குத் தாராளமாகப் போதும். எந்த ஒலிநாடாவிலிருந்து எடுத்தார்கள், மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை, செய்தது யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோலின் 1957-ஆம் வருட ஆல்பம் 'லவ் இஸ் த திங்' அப்படிக் கவனமாக மறுவெளியீடு கண்ட ஒன்று, கேட்டுப் பாருங்கள். ஜிம் ரீவ்ஸுக்கு ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 1994-இல் 16 சிடிக்கள் கொண்ட பெட்டி போட்டது. உங்கள் பணத்துக்கு அது எட்டாது.

பதில்: பாலக்கோடு ரேடியோ மெக்கானிக்

தம்பி, நாற்பது வருடமாக ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் பழுது பார்க்கிறேன். உங்கள் அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

அந்தப் பாட்டு என்ன பாட்டு? தன் காதலியோடு இன்னொருவன் இருக்கும் நேரத்தில் ஒருவன் அவளோடு தொலைபேசியில் பேசுகிறான். 1959-இல் நாஷ்வில் நகரத்தில் பதிவானது. ஜிம் ரீவ்ஸ் குரலைத் தாழ்த்தி, உதடு கிட்டத்தட்ட மைக்கைத் தொடும்படி நின்று பாடுகிறவர். அதனால்தான் நம் காதுக்குள் வந்து பேசுவது போல இருக்கிறது. அதன் மேல் எதிரொலியை ஏற்றினால் தொலைபேசிப் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். பாட்டே போய்விட்டது!

இன்னொன்று. அவர் 1964-இல் விமான விபத்தில் இறந்தார். அதன் பிறகு பழைய பதிவுகளின் மேல் புது வாத்தியங்களைச் சேர்த்தும் வெளியிட்டார்கள். 1966-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த 'டிஸ்டன்ட் டிரம்ஸ்' பாட்டே அப்படி வாத்தியம் சேர்த்து வந்ததுதான். ஆகவே அட்டையில் பதிவான வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாத தொகுப்பை நான் கையில்கூட எடுக்க மாட்டேன்.

வாங்கும் முன் ஒரே பாட்டின் இரண்டு மூன்று பதிப்புகளை இணையத்தில் கேளுங்கள். எது அதிகச் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லது என்று காது ஏமாறும். சத்தத்தைச் சமமாக வைத்துக்கொண்டு, வரி தொடங்குவதற்கு முன் அவர் மூச்சு இழுக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒலிநாடாவின் 'உஸ்' இரைச்சலைத் துடைக்கிறவர்கள் அதோடு மூச்சையும் துடைத்துவிடுவார்கள். பி.பி.ஸ்ரீனிவாஸ் 1961-இல் பாடிய 'காலங்களில் அவள் வசந்தம்' பாட்டிலும் இதையே பாருங்கள். இரைச்சலோடு இருக்கும் பதிப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். துடைத்த பதிப்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். எனக்கு இரைச்சல் வேண்டும். அரிசியில் தவிடு கொஞ்சம் இருந்தால்தான் ருசி.

எல்.பி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி, நிழலான அறையில் சில வாரம் விடுங்கள். வெயிலில் வைத்தால் கதை முடிந்தது. முழுதாக நிமிராது, ஊசி தாண்டாமல் ஓடினால் போதும். பிளேயரின் ஊசியை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள், தேய்ந்த ஊசி ரெக்கார்டை உழுதுவிடும். 'எஸ்' கீறுவது ரெக்கார்டிலும் நடு லேபிளை நெருங்க நெருங்கக் கூடும். அங்கே வட்டம் சிறியது. ஊசிக்கு அடியில் பள்ளம் மெதுவாக நகர்கிறது. சில மறுவெளியீடுகள் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில், பக்கத்துக்கு இரண்டு மூன்று பாட்டு மட்டும் வைத்து வருவது இதற்காகத்தான்.

காவேரிப்பட்டணம் வாசகன், ஐந்து வாரம் கழித்து

அண்ணா, நீங்கள் தொலைபேசி என்று எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் அப்போது இருந்த ஒரே தொலைபேசி அப்பாவின் அஞ்சலகத்தில்தான். டிரங்க் கால் வரும்போது ஊர்க்காரர்கள் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அப்பா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டார். பாட்டின் அர்த்தத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

கண்ணாடியை எடுத்தேன். ரெக்கார்டு இன்னும் ஒரு பக்கம் தூக்கியபடிதான் இருக்கிறது. முதல் பாட்டு தாண்டுகிறது. ஆனால் புது ஊசியில் 'ஹீல் ஹேவ் டு கோ' முழுதாக ஓடியது. அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

இணையத்தில் நான்கு பதிப்புகளைச் சமச் சத்தத்தில் கேட்டதில், பதிவு வருடம் போட்ட ஒன்றில் மட்டும் மூச்சு இருந்தது. அதன் சாதாரண சிடி அறுநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மிச்சப் பணத்தோடு வரும் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் சிக்பேட்டை போகிறேன். உங்களுக்கு ஏதாவது ரெக்கார்டு தேட வேண்டுமானால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.