காப்புரிமை விண்ணப்பத்தில் வண்ணப் புகைப்படம் வைக்கலாமா? தேயிலை நொதிப்புக் கருவிக்கு உதவி தேவை

கோத்தகிரிப் பட்டறை:

வணக்கம். கோத்தகிரியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு சிடிசி உருளை (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பல் உருளை) தீட்டிக் கொடுப்பது, மோட்டார் பழுதுபார்ப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. இதற்கிடையில் ஒரு கருவி செய்திருக்கிறேன். உருளையில் வெட்டுப்பட்டு வரும் தூள் நொதிக்கும்போது பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும் அல்லவா? மூடிய பெட்டிக்குள், மாறாத விளக்கொளியில், ஒரு கேமரா அந்த மாற்றத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நிறம் பதத்துக்கு வந்ததும் தூளை உலர்த்திக்குக் கொண்டுசெல்லும் பட்டை தானாக ஓடத் தொடங்கும். மார்கழிப் பனியில் நொதிப்பு இழுத்தடிக்கும். சித்திரையில் அதே தூள் சட்டென்று முற்றிவிடும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்திருக்கிறேன்.

கண்டுபிடிப்புக்கு முதலில் தேதி பிடித்து வைக்கும் தற்காலிக விவரக்குறிப்பைச் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே தாக்கல் செய்துவிட்டேன். அதில் கருவியின் கோட்டுப் படங்கள் மட்டும் உண்டு. முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டிய 12 மாதக் கெடு நெருங்குகிறது. நொதிப்பின் கட்டங்களை வண்ணப் புகைப்படங்களாக இப்போது சேர்க்க விரும்புகிறேன். படம் வரைந்து கொடுப்பவர் தாராளமாக வைக்கலாம் என்கிறார். இணையத்தில் படித்த ஒரு குறிப்போ, வண்ணப் படத்துக்குத் தனி மனு கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், மூன்று பிரதிகள் வைக்க வேண்டும் என்கிறது. அந்த மனுவுக்கு எந்தப் படிவம் என்று தேடித் தேடிச் சலித்துவிட்டது. இலங்கையிலும் கென்யாவிலும் பாதுகாப்பு பெற வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள். தேவையென்றால் புகைப்படங்களை இங்கேயே ஏற்றுகிறேன்.

கோவை முகவர்:

முதல் வேலையாகச் சொல்கிறேன், தம்பி: புகைப்படங்களை இங்கே ஏற்றாதீர்கள். உங்கள் தற்காலிக விவரக்குறிப்பில் எழுதியிருக்கும் விஷயத்துக்குத்தான் அந்த முந்தைய தேதி கிடைக்கும். அதில் இல்லாமல் இப்போது புதிதாகச் சேர்ப்பதற்கு முழு விவரக்குறிப்பின் தேதிதான். இடையில் நீங்களே பொதுவெளியில் காட்டிவிட்டால், உங்கள் படமே உங்கள் புதுமைக்கு எதிராக வந்து நிற்கும். தொழிற்சாலைக்காரர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் படங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

அடுத்து அந்த மனு. நீங்கள் படித்தது அமெரிக்க விதி, அங்கே 1.84 என்ற எண்ணில் இருப்பது. இந்தியாவில் அப்படி ஒரு மனுவே கிடையாது. எவ்வளவு தேடினாலும் படிவம் கிடைக்காது.

இங்கே படங்களுக்கானது 2003ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளில் விதி 15. ஏ4 தாள். மேற்பக்கமும் இடப்பக்கமும் குறைந்தது 4 செ.மீ., கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் 3 செ.மீ. ஓரம் விட வேண்டும். இடது மேல் மூலையில் விண்ணப்பதாரர் பெயர். வலது மேல் மூலையில் மொத்தத் தாள்களின் எண்ணிக்கையும் அந்தத் தாளின் வரிசை எண்ணும். வலது கீழ் மூலையில் கையொப்பம். படத்தில் அளவுகளைக் குறிக்கக் கூடாது. செயல்முறை ஓட்டப்படம் தவிர வேறு எதிலும் விளக்க எழுத்து வரக் கூடாது. வண்ணத்தைப் பற்றி அந்த விதியில் ஒரு வரியும் இல்லை. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. படம் வரைபவர் "தாராளமாக" என்று சொன்னது அந்த மௌனத்தை வைத்துத்தான். ஆனால் தொழிலில் இருப்பவர்கள் கொடுப்பது கறுப்பு மையில் தெளிவான கோட்டுப் படம். நானும் அதைத்தான் வற்புறுத்துவேன்.

கோத்தகிரிப் பட்டறை:

மிக்க நன்றி ஐயா. ஏற்றவில்லை. ஆனால் ஒரு தயக்கம். என் கண்டுபிடிப்பின் உயிரே நிறம்தான். நிறம் இல்லாத படத்தை வைத்தால் பரிசோதகருக்கு எப்படிப் புரியும்?

ஊட்டி ஆய்வகம்:

நான் மருந்தியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தகடுகளின் (கலவையின் பொருள்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகடுகள்) படங்களோடு நாங்களும் இதே இடத்தில் மல்லுக்கட்டுகிறோம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் வண்ணப் புகைப்படங்களை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய், கறுப்பு வெள்ளையில் பிரதி எடுங்கள். கட்டங்களின் பெயரை மறைத்துவிட்டு, எது முதலில், எது பிறகு என்று வீட்டில் யாரையாவது அடுக்கச் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

குன்னூர் டீமேக்கர்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நிறத்தை மட்டும் நம்பி எந்த டீமேக்கரும் தூளை இறக்க மாட்டார். கையில் ஒரு பிடி அள்ளி, மூக்கருகே வைத்து, பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழுகிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்குவோம். அதையும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். ஆனாலும் நீங்கள் பிடித்திருக்கும் நூல் சரிதான். பனிமூட்டம் இறங்கிய நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் செம்பு நிறமும் பழுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். மூடிய பெட்டிக்குள் விளக்கு வைத்தது நல்ல யோசனை.

கோத்தகிரிப் பட்டறை:

மேடம், செய்து பார்த்தேன். அப்போதுதான் வெட்டிய பச்சைத் தூளும், பதத்துக்கு வந்த செம்பு நிறத் தூளும் பிரதியில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம்! முற்றிப்போன தூள் மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறது. என் அம்மா, நாற்பது ஆண்டு இலை பறித்தவர், தலைகீழாக அடுக்கிவிட்டார்.

ஊட்டி ஆய்வகம்:

அதைத்தான் காட்ட நினைத்தேன். பச்சையும் செம்பும் நிறத்தில் வேறு. வெளிச்ச அளவில் பக்கம் பக்கம். நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பரிசோதகர் மட்டுமல்ல, பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் உரிமையை எதிர்த்து வழக்காடுபவரும் கறுப்பு வெள்ளைப் பிரதியைத்தான் கையில் வைத்திருக்கக்கூடும்.

நிறத்தை எண்ணாக்கிவிடுங்கள். எல், ஏ, பி என்ற மூன்று மதிப்புகளால் நிறத்தைக் குறிக்கும் பன்னாட்டு முறை இருக்கிறது. எல் என்பது வெளிச்சம். ஏ மதிப்பு குறையெண்ணாக இருந்தால் பச்சைப் பக்கம், மிகையெண்ணாக இருந்தால் சிவப்புப் பக்கம். பி மதிப்பு நீலம், மஞ்சள். உங்கள் கருவி உண்மையில் பார்ப்பது ஏ மதிப்பு குறையிலிருந்து மிகைக்குக் கடந்துபோகும் அந்த நகர்வைத்தான். கேமராவின் சிவப்பு, பச்சை, நீல அளவீடுகளை இந்த மதிப்புகளாக மாற்றலாம். ஆனால் விளக்கின் வகை, நிற வெப்பநிலை (ஒளி மஞ்சள் சார்ந்ததா நீலம் சார்ந்ததா என்பதைக் குறிக்கும் அளவு), கேமராவுக்கும் தூளுக்கும் உள்ள தூரம், வெள்ளை அட்டையை வைத்துச் சரிபார்த்த முறை எல்லாவற்றையும் எழுத வேண்டும். இவை இல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால், இன்னொருவர் செய்து பார்க்கும்போது வேறு எண் வரும்.

படமாக வேண்டுமென்றால் ஒரு வரைபடம் போதும். கிடையில் நேரம், நெடுகில் ஏ மதிப்பு. குளிர் நாள், மிதமான நாள், வெப்ப நாள் மூன்றுக்கும் மூன்று வளைகோடுகள். அவற்றையும் வண்ணத்தால் பிரிக்க வேண்டாம். ஒன்று முழுக்கோடு, ஒன்று விட்டுவிட்டு வரும் கோடு, ஒன்று புள்ளிக்கோடு. உங்கள் அம்மாவை ஏமாற்றிய புகைப்படங்களைவிட இது நூறு மடங்கு பேசும்.

வேதியியலையும் இரண்டு வரி எழுதுங்கள். வெட்டுப்பட்ட இலையில் பாலிபீனால்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் தியாஃபிளாவின்களாகவும், மேலும் போகப் போகச் செம்பழுப்பான தியாரூபிஜின்களாகவும் மாறுகின்றன. நிறம் ஏன் மாறுகிறது என்பதற்கு அதுவே காரணம்.

கோவை முகவர்:

மேடம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சட்டக் காரணமும் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 10-இன்படி கண்டுபிடிப்பை முழுமையாகவும் குறிப்பாகவும் விவரிக்க வேண்டும். பிரிவு 59-இன்படி பிறகு செய்யும் திருத்தத்தில் புதிய விஷயத்தை நுழைக்க முடியாது. வண்ணப் படத்தை மட்டும் நம்பி எழுத்தை மெலிதாக விட்டவர், "படம் தெளிவில்லை" என்ற ஆட்சேபம் வந்த பிறகு எண்களை எழுத முயன்றால், அது புதிய விஷயம் என்று தள்ளப்படும் அபாயம் இருக்கிறது. எண்கள் முழு விவரக்குறிப்பிலேயே உள்ளே போய்விட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பிரிவு 3-இன் கே உட்பிரிவு கணித முறையையும், தன்னளவில் நிற்கும் கணினி நிரலையும் காப்புரிமைக்கு ஏற்காது. எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எழுதும் உரிமைக்கோரலில் பெட்டி, விளக்கு, கேமரா, கட்டுப்படுத்தி, பட்டையை ஓட்டும் மோட்டார் எல்லாம் ஒன்றோடொன்று எப்படி இணைந்து வேலை செய்கின்றன என்பது வர வேண்டும். அதற்கு உதவுவது தூளின் புகைப்படம் அல்ல, பாகங்களைக் கட்டம் கட்டமாக வரைந்து எண் கொடுத்த கட்டப்படம். பலர் நல்ல புகைப்படத்துக்குச் செலவழித்துவிட்டு இந்தக் கட்டப்படத்தை அவசரமாகக் கிறுக்கிக் கொடுப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கோத்தகிரிப் பட்டறை:

தலையில் ஏறிவிட்டது ஐயா. இலங்கை, கென்யா விஷயம்?

கோவை முகவர்:

இரண்டும் பிசிடி எனப்படும் பன்னாட்டுக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் நாடுகள்தாம். இந்தியாவும் 1998 டிசம்பரிலிருந்து உறுப்பு நாடு. உங்கள் தற்காலிக விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி விண்ணப்பம் கொடுத்தால் அந்தத் தேதியின் முன்னுரிமை கிடைக்கும். நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்பதால் பிரிவு 39-ஐ மறக்காதீர்கள். இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் கழிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டில் தாக்கல் செய்ய முன் அனுமதி வாங்க வேண்டும். ஆறு வாரம் கழிந்தது உங்கள் தற்காலிக விவரக்குறிப்பில் உள்ள கண்டுபிடிப்புக்குத்தான். இப்போது புதிதாகச் சேர்ப்பது அதற்குள் அடங்குமா என்று உங்கள் முகவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

பிசிடியில் படங்களுக்கு விதி 11.13. அங்கே மௌனம் இல்லை, நேராகவே எழுதியிருக்கிறது: அழியாத, கறுத்த, சீரான தடிமனுள்ள கோடுகள், வண்ணம் பூசாமல். புகைப்படத்துக்கு விதியில் இடமே இல்லை. படிக அமைப்பு போல வரைந்து காட்டவே முடியாததற்கு மட்டும் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை ஏற்கிறார்கள். வண்ணத்தில் கொடுத்தாலும் வெளியீடு கறுப்பு வெள்ளையில்தான் வரும். மூல விண்ணப்பத்தில் வண்ணம் இருந்தது, அதை பிசிடி விண்ணப்பங்களை வெளியிடும் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்று முகப்பில் ஒரு குறிப்பு மட்டும் போடுவார்கள்.

தாள் விஷயத்தில் ஒரு கைவேலை நுணுக்கம். பிசிடியில் மேற்பக்கமும் இடப்பக்கமும் 2.5, வலம் 1.5, கீழ் 1 செ.மீ. ஓரம், ஆகப் படத்துக்கு 17க்கு 26.2 செ.மீ. இடம். இந்திய ஓரத்தைக் கழித்தால் 14க்கு 22.7 தான் மிஞ்சும். பிசிடி அளவில் வரைந்துவிட்டு இந்தியாவுக்காகச் சுருக்கினால் எண்களெல்லாம் எறும்பாகிவிடும். முதலிலேயே 14 செ.மீ. அகலத்துக்குள் வரையச் சொல்லுங்கள், ஒரே படம் இரண்டுக்கும் உதவும். எண்களும் எழுத்துகளும் 0.32 செ.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது என்பது பிசிடி விதி.

குன்னூர் டீமேக்கர்:

அமெரிக்காவில் மட்டும் ஏன் வண்ணத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள்? தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிறேன்.

கோவை முகவர்:

அங்கேயும் வழக்கம் கறுப்பு மைக் கோடுதான். வண்ணம் ஒன்றே நடைமுறைக்கு ஏற்ற வழி என்று மனுவில் விளக்கிக் கட்டணம் கட்டினால் ஏற்கலாம். இணையவழி தாக்கல் என்றால் ஒரு தொகுதி, இல்லையென்றால் மூன்று. விவரக்குறிப்பில் வண்ணப் படம் இருக்கிறது என்ற வாசகத்தையும் சேர்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு விதியே எடுத்துக்காட்டுகள் தருகிறது: ஜெல் படங்கள், செல் வளர்ப்பு, சாயமேற்றிய திசு வெட்டுகள், மேடத்தின் மெல்லடுக்குத் தகடு, படிகங்கள், விலங்குகள், தாவரங்கள். பொருளின் வெளித்தோற்றத்துக்கான வடிவமைப்பு விண்ணப்பத்துக்கு வண்ணப் படத்தை மனு இல்லாமலே ஏற்கிறார்கள்.

நம் நாட்டிலும் வடிவமைப்புப் பதிவு தனி வழி. 2000ஆம் ஆண்டு சட்டத்தின் வரையறையிலேயே வண்ணங்களின் சேர்க்கை வருகிறது, புகைப்படமும் கொடுக்கலாம். கோத்தகிரித் தம்பியின் பெட்டிக்குத் தனித்த வெளித்தோற்றம் இருந்தால், யாருக்கும் காட்டும் முன் அதையும் பதிவு செய்யலாம்.

கோத்தகிரிப் பட்டறை:

பெட்டி வெறும் தகரப் பெட்டிதான் ஐயா, அதற்கு வேண்டாம். வண்ணப் புகைப்படங்களை விட்டுவிடுகிறேன். கட்டப்படம், ஏ மதிப்பு வரைபடம், ஓட்டப்படம் மூன்றையும் 14 செ.மீ. அகலத்தில் வரையச் சொல்லியாயிற்று. ஏ மதிப்பு அட்டவணையையும் விளக்கின் விவரத்தையும் எழுத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். படத் தாள்களும் பக்கக் கணக்கில் சேருமா?

கோவை முகவர்:

சேரும். தனிநபருக்கு இணையவழியில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், 30 பக்கமும் 10 உரிமைக்கோரலும் வரை. அதற்கு மேல் பக்கத்துக்கு 160, உரிமைக்கோரலுக்கு 320. புகைப்படங்களை விட்டதில் உங்களுக்கு அந்தச் செலவும் மிச்சம்.

கொடை ரோஜா:

இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். கொடைக்கானல் பக்கம் மலர்ப் பண்ணை வைத்திருக்கிறோம். எங்கள் ரோஜாச் செடி ஒன்றில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூத்தது. ஒட்டுக்கட்டிப் பெருக்கியும் நிறம் மாறவில்லை. இதற்காவது வண்ணப் படம் தேவைப்படுமா?

கோவை முகவர்:

இந்தியாவில் செடிக்குக் காப்புரிமை இல்லை அம்மா. பிரிவு 3-இன் ஜே உட்பிரிவு விலக்கிவிடுகிறது. நீங்கள் போக வேண்டியது 2001ஆம் ஆண்டு தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ரகப் பதிவு. அமெரிக்காவில் தாவரக் காப்புரிமை தனியாக உண்டு. 1931இல் கொடுத்த முதலாவது ஒரு ரோஜாவுக்குத்தான். அங்கே நிறம்தான் ரகத்தின் தனி அடையாளம் என்றால் படம் வண்ணத்தில் இருந்தே ஆக வேண்டும். அப்போதும் அந்த நிறத்தை அங்கீகரிக்கப்பட்ட வண்ண அட்டையின் பெயரோடு எழுத்தில் குறிக்க வேண்டும். தோட்டக்காரர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது லண்டன் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டியின் அட்டை. பூ விரிந்த அன்றே, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், இதழின் உள்புறத்தையும் வெளிப்புறத்தையும் தனித்தனியே அட்டையோடு வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரகப் பதிவுக்கும் அந்தக் குறிப்பு பயன்படும்.