அக்கிலிஸ் வலியோடு மாரத்தான் பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு 42.195 கிமீ ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். இப்போது இடது காலில் அக்கிலிஸ் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண்) வலி படுத்துகிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள்தான் ரொம்ப மோசம். குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே இரு விரலால் பிடித்துப் பார்த்தால் தடிப்பு தெரிகிறது. ஓட ஆரம்பித்தால் வலி அடங்கும், மறுநாள் காலை திரும்ப வந்துவிடும்.

பிசியோ சொன்னபடி ஆல்ஃபிரெட்சன் முறையில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குகிறேன்: முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, மடக்கி அதே அளவு, காலை மாலை இரு வேளையும். மொத்தம் 12 வாரம். அந்த 12 வாரமும் ஓட்டத்தை நிறுத்தாமல் தூரத்தை மட்டும் குறைத்துச் சமாளித்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு குறைத்தீர்கள்? மேம்பாலம் ஏறும் பயிற்சியை எப்போது மறுபடி தொடங்கினீர்கள்?

அடுத்தது வாட்ச். மெதுவாக, பேசிக்கொண்டே ஓடும்போதும் மணிக்கட்டு சென்சார் இதயத்துடிப்பு 170 என்கிறது. அது என் கேடன்ஸ் (நிமிடத்துக்கு வைக்கும் அடிகள்) எண்ணேதான்! அடிகளைத்தான் துடிப்பு என்று எண்ணுகிறது போல. அதனால் துடிப்பை நெஞ்சிலேயே அளக்கும் நெஞ்சுப் பட்டை வாங்கப் போகிறேன். இடது, வலது பாதம் தரையில் படும் நேரத்தை ஒப்பிட்டுக் காட்டும் கார்மின் பட்டைகள் உண்டு. வலிக்கிற காலைக் காப்பாற்ற மறுகாலில் பாரம் போடுகிறேனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த எண்ணை வைத்து உங்கள் பிசியோ சிகிச்சையை மாற்றியதுண்டா?

அடையாறு, திருவான்மியூர் பக்கம் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்துப் பார்க்கும் பிசியோ இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வார நாளில் மாலை ஆறுக்கு மேல் பார்ப்பவராக இருந்தால் நல்லது.